ஏரியும் திராட்சைப் பந்தலும்: ஓர் ஓய்வு விடுமுறைத் திட்டம்



நான்காம் தவணை தொடங்கிவிட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு மாறிவிடும். தேர்வுத்தாளைத் திருத்திக்கொண்டே, "ஆண்டிறுதிக்கு எங்கே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். பெற்றோரும் அப்படித்தான். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வந்தவர்கள் விடைபெறும் நேரத்தில், "டீச்சர், லீவுக்கு இந்தியா போறோம், ஹோம்வொர்க் இருந்தா முன்னாடியே கொடுத்துடுங்க" என்பார்கள். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி சில ஆண்டுகளாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஃபலோ சாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தபோது, ஒரு பயண முகவரின் கடைவாசலில் நின்ற இளைஞர் வண்ணத்தாள் ஒன்றைக் கையில் திணித்தார். நீல ஏரி, அதன் கரையிலிருந்து படிப்படியாக மேலேறும் திராட்சைத் தோட்டங்கள், கீழே, "ஏரிக்கரையில் ஓய்வான குடும்ப விடுமுறை" என்ற வரி. படத்திலிருந்தது சுவிட்சர்லாந்தின் லாவோ பகுதி. ஜெனீவா ஏரியின் வடகரையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் படிவரிசைத் தோட்டங்கள் பரந்திருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டு முதல் துறவிகளின் மடங்கள் அங்கே திராட்சை வளர்த்திருக்கின்றன. 2007இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமையாக அறிவித்தது. பார்க்கவேண்டிய இடம்தான், ஐயமில்லை. ஆனால் தாளைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு நாள், ஐந்து நாடுகள். அந்த ஏரிக்கரைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரு பிற்பகல். அதிலும் புகைப்படத்துக்கு முக்கால் மணி நேரம். இதற்கு "ஓய்வு" என்று பெயர் வைத்தவரை நான் குறைசொல்லப் போவதில்லை. ஏனெனில் அதைவிட மோசமான திட்டம் ஒன்றை வகுத்தவள் நானே.

2022 டிசம்பர். கொவிட் காலம் கழிந்து எல்லைகள் திறந்திருந்த முதல் ஆண்டிறுதி. மகள் அப்போது தொடக்கநிலை மூன்று. பதினான்கு நாள் தமிழ்நாட்டுப் பயணத்தை நானே அட்டவணை போட்டுத் தயாரித்தேன். பாடத்திட்டம் எழுதிப் பழகிய கை அல்லவா! சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி. பதினொரு ஊர்கள். இடையில் தஞ்சாவூர்ப் பக்கம் கணவரின் உறவினர் வீடுகள் ஆறு, ஒவ்வொன்றிலும் காப்பி, பலகாரம், "இவ்வளவு சீக்கிரம் கிளம்பணுமா?" என்ற கேள்வி. போதாக்குறைக்கு மகளின் பையில் நான் தைத்துக் கொடுத்த விடுமுறை ஏடு. பார்த்த ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் அன்றிரவே தமிழில் ஐந்து வாக்கியம் எழுதவேண்டும் என்பது என் ஏற்பாடு.

ஒன்பதாம் நாள் இரவு, மதுரையில், விடுதி அறையில் அவள் அழுதாள். மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதியிருந்தாள். நான்காவது வரவில்லை. "கோபுரத்தில் எத்தனை நிறம் பார்த்தாய், எழுது" என்றேன். அவள் ஏட்டை மூடிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: இனி இந்தியாவுக்கு வரமாட்டேன், தமிழிலும் எழுதமாட்டேன். மறுகட்டிலில் என் மாமியார் வீங்கிய கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "விடும்மா, குழந்தை களைச்சிருக்கா" என்றார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. அவருடைய கால் வீங்கியிருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இருபது ஆண்டுக்கும் மேலாகப் பிறர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவள் நான். ஆசிரியர் பயிற்சியில், மாணவனின் அனுபவத்திலிருந்து தொடங்கு என்பதை எத்தனையோ முறை எழுதித் தேர்வில் தேறியவள். சொந்த மகள் தமிழையும் களைப்பையும் ஒன்றாக முடிச்சிட்டுக்கொள்ளும்படி செய்துவிட்டேனே என்ற எண்ணம் ஊர் திரும்பிய பின்பும் நீங்கவில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்த எண்களைக் கருத்தரங்குகளில் திரையில் காட்டிப் பெருமூச்சு விடுகிறோம். அந்தச் சரிவில் என் வீட்டின் பங்கும் உண்டு என்பதை ஒரு விடுதி அறையில் உணர்வது வேறு.

அடுத்த ஆண்டு நாங்கள் எங்கும் செல்லவில்லை. 2024இல் கணவர் கேட்டார்: "ஏரி, மலை, தோட்டம் என்று ஏதாவது ஓரிடத்தில் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு வந்தால் என்ன?" பெர்த் போகலாமா, ஐரோப்பா போகலாமா என்று பேசினோம். பிறகுதான் கம்பம் பள்ளத்தாக்கின் நினைவு வந்தது. ஏரியும் திராட்சையும் அருகருகே இருக்கும் நிலம் தமிழருக்கும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

தேனி மாவட்டத்தின் தென்மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு அது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனச் சாலையோர ஊர்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று பக்கத்துச் சிற்றூர்கள். அங்கே விளைவது பன்னீர்த் திராட்சை. உலக வழக்கில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் வகை. கருநீலமாய், மெல்லிய தோலும் விதையும் உடையதாய், வாயிலிட்டால் பன்னீர் மணம் வரும். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்று அவ்வட்டாரத்தில் சொல்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

ஐரோப்பாவில் திராட்சை ஆண்டுக்கு ஒருமுறை. இலையுதிர் காலத்தில் அறுவடை. கம்பத்தில் கடுங்குளிர் இல்லையாதலால் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம். ஒவ்வொரு தோட்டக்காரரும் வெவ்வேறு நாளில் கவாத்து செய்வதால் எந்த மாதம் சென்றாலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்கும், பக்கத்துப் பந்தல் மொட்டையாக நிற்கும், அதற்கடுத்ததில் பிஞ்சு. நம் பள்ளி விடுமுறையின் தேதியைத் திராட்சைக்கு ஏற்ப மாற்றமுடியாது என்பதால் எங்களுக்கு இது பெரிய வசதி. ஆயினும் டிசம்பர் வடகிழக்குப் பருவமழையின் காலம். மழை மிகுந்தால் பழம் வெடித்து அழுகும். விவசாயிக்கு அது கண்ணீர்க் காலம் என்பதை மறந்து, "ஐயோ, படம் நன்றாக வரவில்லையே" என்று நாம் அங்கலாய்க்கக் கூடாது.

இனி ஏரி. பெரியாறு மேற்கு நோக்கிக் கடலுக்கு ஓடிய ஆறு. அதை மலைமேல் மறித்து, சுரங்கம் குடைந்து, கிழக்கே வறண்டு கிடந்த வைகைப் படுகைக்குத் திருப்பினார்கள். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அது. ஆங்கிலேயப் பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் பெயர் அவ்வூர் வீடுகளில் இன்றும் வழங்குகிறது. சனவரி 15ஆம் நாள் அவருடைய பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஓர் அந்நிய அதிகாரியை ஒரு நிலம் இவ்வளவு அன்போடு நினைப்பது ஏன் என்று என் மகள் கேட்டாள். மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களையும், கீழே பாசனம் பெறும் வயல்களையும் காட்டினேன். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் அந்தத் தண்ணீரால் விளைகிறது. அணையின் பாதுகாப்பு குறித்தும் நீர்மட்டம் குறித்தும் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நெடுநாள் வழக்கு உண்டு. 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. இதையும் சொன்னேன். கீழே கேரளப் பக்கம் வாழ்வோரின் அச்சமும், இப்பக்கம் வாழ்வோரின் தேவையும் இரண்டுமே உண்மை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பதினொரு வயதுப் பெண் அதைப் பற்றிக் கொஞ்சநேரம் யோசித்தாள். நான் எதையும் எழுதச் சொல்லவில்லை.

அந்த அணையால் உருவான நீர்த்தேக்கமே தேக்கடி ஏரி. நீருக்குள் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் கறுப்புத் தூண்களாய் நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன. சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம். ஒரு படகுச் சவாரியில் யானையைக் கண்டுவிடலாம் என்ற ஆசையோடு செல்பவர்கள் ஏமாறலாம். நாங்கள் முதல்நாள் யானையைக் காணவில்லை. ஒரு கூட்டம் காட்டுப்பன்றிகளை மட்டும் பார்த்தோம். பழைய நானாக இருந்தால் அட்டவணையில் அடுத்த ஊருக்குப் போயிருப்பேன். இம்முறை இரண்டு நாள் கழித்து மீண்டும் சென்றோம். காலை முதல் படகு. தாயும் குட்டியுமாய் நான்கு யானைகள் கரையில் தண்ணீர் குடித்தன. மாமியார் கைகூப்பினார். மகள் என் காதில், "அம்மா, சத்தம் போடாதே" என்றாள். தமிழில் சொன்னாள் என்பதை அறைக்குத் திரும்பியபின்தான் உணர்ந்தேன்.

நாங்கள் தங்கியது ஏரிக்கரை விடுதியில் அன்று. உத்தமபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு வீட்டின் மாடி. கீழே வீட்டுக்காரர், பின்னால் அவர்களுடைய ஒன்றரை ஏக்கர்ப் பந்தல். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்குச் சற்று மேலே கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். நண்பகலிலும் உள்ளே பச்சை நிழல். முதல் இரண்டு நாள் மகளுக்கு அலுப்பு. இணையம் சரியாக வரவில்லை, கொசுக்கடி, விதையுள்ள திராட்சையை எப்படித் தின்பது என்று தெரியாமல் விழித்தாள். ஃபேர்பிரைஸ் கடையின் விதையில்லாத் திராட்சை தின்று வளர்ந்த பிள்ளை. இந்த அலுப்பை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால் பெரும்பாலான பெற்றோர் அந்த இரண்டாம் நாளில்தான் தடுமாறி, வாடகைக் காரை வரவழைத்து, ஏதாவது ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் கிளம்பத்தான் நினைத்தேன். கணவர் தடுத்தார்.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்கார அம்மாள் பறிப்புக்குப் போகும்போது, "வா தாயி, கத்தரி பிடிக்கத் தெரியுமா?" என்று அழைத்தார். மகள் சென்றாள். காம்பைப் பிடித்து வெட்டவேண்டும், பழத்தைத் தொடக்கூடாது, மேலே படிந்திருக்கும் வெண்சாம்பல் கலையக்கூடாது, கலைந்தால் சந்தையில் பழசு என்பார்கள் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். கொத்து, காம்பு, பிஞ்சு, கவாத்து, பந்தக்கால், கழிவு. மாலைக்குள் இந்தச் சொற்களெல்லாம் என் மகளின் வாயில் இருந்தன. நான் சொல் அட்டை தயாரித்து, படம் ஒட்டி, ஒரு வாரம் கற்பித்தாலும் இத்தனை சொற்கள் இப்படிப் பதியுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த அம்மாளிடம் விலை பற்றிக் கேட்டேன். "விலை இருக்கும்போது பழம் இல்லை டீச்சரம்மா. பழம் இருக்கும்போது விலை இல்லை. சில நாள் பறிப்புக் கூலிக்கே கட்டாது" என்றார். பந்தலின் ஓரத்தில் நீலநிறம் படிந்த தொட்டி ஒன்று இருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிக்கும் போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ ஒயின் நாட்டில் 1880களில் கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயரையே தாங்கிய மருந்து, ஒரு தேனி விவசாயியின் வாயில் இயல்பாய்ப் புழங்குகிறது. உலகின் திராட்சை நாடுகளெல்லாம் ஒன்றுக்கொன்று உறவு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஒயின் என்றதும் ஒரு செய்தி. நான் இத்திட்டத்தைச் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர், "டீச்சரே ஒயின் ஊருக்குப் போகிறாரா!" என்று கேலி செய்தார். கம்பத்துத் திராட்சையில் ஒயினும் செய்யலாம். பழச்சாறும் உலர்திராட்சையும் செய்யலாம். ஆனால் அங்கே பெரும்பகுதி கூடைகளிலும் பெட்டிகளிலும் பழமாகவே சந்தைக்குப் போகிறது. ஐரோப்பாவைப்போலத் தோட்டத்திலேயே மேசை போட்டுச் சுவைபார்க்கும் வழக்கம் அங்கு இல்லை. அதைத் தேடிச் செல்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். குழந்தைகளோடு செல்லும் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

மாமியார் அந்த வாரம் முழுவதும் என்ன செய்தார்? திண்ணையில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் அமர்ந்து போவோர் வருவோருடன் பேசினார். ஒருமுறை சுருளி அருவிக்கு வந்தார். நீர் மிகுதியால் அன்று குளிக்க விடவில்லை. தலையில் இரண்டு கை நீர் தெளித்துக்கொண்டு திரும்பினார். மேகமலைக்கு வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இங்கே வேலை இருக்கு" என்றார். அவர் சொன்ன வேலை, பக்கத்து வீட்டுப் பெண்களோடு அவரைக்காய் நறுக்குவது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, "இந்த ஊர்ல நமக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லை. அதான் இவ்வளவு நிம்மதி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, தஞ்சாவூர்க்காரர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

விழத்தான் செய்தது. நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தும் ஊருக்கு வரவில்லை என்று கணவரின் பெரியப்பா வீட்டில் இன்னும் வருத்தம். தீபாவளிக்குத் தொலைபேசியில் அழைத்தபோது குரலில் அது தெரிந்தது. இதற்கு எளிய தீர்வு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உறவு பார்ப்பது கடமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உறவு பார்க்கும் பயணத்துக்கு "விடுமுறை" என்று பெயர் சூட்டி, அதில் குழந்தைக்கு மகிழ்ச்சி வரவில்லையே என்று கோபிப்பது நியாயமன்று. அதை உறவுப் பயணம் என்றே சொல்லிவிடலாம். குழந்தையிடமும் அப்படிச் சொல்லிவிட்டால் அவள் புரிந்துகொள்வாள். அடுத்த பயணம் தஞ்சாவூருக்குத்தான். நான்கு நாள், ஒரே ஊர், ஏடு இல்லை.

அந்த ஏட்டைப் பற்றித்தான் ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டியது. ஆறு வார விடுமுறையில் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்கள் என்ற அச்சம் நமக்கு உண்டு. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த அச்சம் வீணானதன்று. சனவரியில் வகுப்புக்குத் திரும்பும்போது "வணக்கம் ஆசிரியரே" என்பதைக்கூடத் தயங்கிச் சொல்லும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகவே விடுமுறைப் பயிற்சியை முற்றாக ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயணம் போகும் பிள்ளைக்கும் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே தாளைக் கொடுப்பதும், கண்ட இடத்தையெல்லாம் அன்றிரவே வாக்கியமாக்கச் சொல்வதும் எனக்கு இப்போது ஏற்புடையதாக இல்லை. "என் விடுமுறை" என்ற தலைப்பில் ஆண்டுதோறும் நாம் திருத்தும் கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள். விமான நிலையத்துக்குச் சென்றேன், கோயிலுக்குச் சென்றேன், கடைக்குச் சென்றேன், மகிழ்ச்சியாக இருந்தேன். ஊரின் பெயர் மட்டும் மாறும். எழுதத் தெரியாததால் அப்படி எழுதுகிறார்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். எதையும் நின்று பார்க்க நாம் விடுவதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் இப்போது என் வகுப்பில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: விடுமுறையில் நீ கேட்ட, உனக்கு முன்பு தெரியாத மூன்று தமிழ்ச் சொற்களைச் சனவரியில் வந்து சொல். எழுதவேண்டாம். சென்ற முறை ஒரு பையன் "வெள்ளாமை" என்றான். இன்னொரு பெண் தன் பாட்டியிடம் கேட்டதாக "அம்மி கொத்துறது" என்றாள். பாதிப் பேர் ஒன்றும் கொண்டுவரவில்லை. அவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. இது முழுமையான வழி என்று நான் சொல்லமாட்டேன். இதைவிடச் சிறந்தது உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

பெற்றோரிடம் சொல்லவேண்டியது வேறு. 2024 டிசம்பரில் நாங்கள் புறப்பட்டபோது மகள் தொடக்கநிலை ஐந்தை முடித்திருந்தாள். அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ. அந்த ஆறு வாரமும் துணைப்பாட நிலையத்துக்கு அனுப்பாமல் ஒரு வாரத்தைப் பந்தலடியில் கழிப்பதா என்று நண்பர்கள் சிலர் உண்மையான அக்கறையோடு கேட்டார்கள். தேர்வில் அவள் என்ன வாங்கினாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நன்றாக வாங்கியிருந்தால், பயணத்தால்தான் என்பீர்கள். குறைவென்றாலும் பயணத்தால்தான் என்பீர்கள். விடுமுறையை அந்தத் தராசில் வைக்கவே எனக்கு மனமில்லை.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பியப் பயணத்தோடு ஒப்பிட்டால் எங்களுக்கு ஆனது மிகக் குறைவு. ஆனாலும் நான்கு பேருக்கான விமானச் சீட்டு எல்லாக் குடும்பத்துக்கும் எட்டக்கூடியதன்று. என் வகுப்பிலேயே விடுமுறை முழுவதும் வீவக வீட்டைவிட்டு நகராத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஏரியே இல்லையா? லேக்சைட் பெருவிரைவு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாழும் மாணவன் ஒருவன், அந்தப் பெயருக்குக் காரணமான ஜூரோங் ஏரியின் கரையில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை என்று சொன்னான். அங்கே 2019 முதல் லேக்சைட் தோட்டம் திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை. பாயும் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு ஒரு முழுநாள், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு. அதுவும் இந்தத் திட்டத்தில் அடங்கும்.

கம்பத்துக்குச் செல்ல எண்ணுபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். திருச்சிக்கு விமானத்தில் சென்றால் அங்கிருந்து திண்டுக்கல், தேனி வழியாகக் காரில் சுமார் ஐந்து மணி நேரம். 2010இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட மதுரை – போடி ரயில், 2022இல் தேனி வரையும் 2023இல் போடிநாயக்கனூர் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. பிள்ளைகளுக்குக் காரைவிட ரயில் பிடிக்கும். நம் ஆண்டிறுதி விடுமுறை ஐயப்ப பக்தர்களின் பயணக் காலத்தோடு சேர்ந்து வரும். குமுளி மலைப்பாதையில் அப்போது வண்டிகள் மிகுதி. நெரிசலைக் குறைக்கக் கம்பம்மெட்டு வழியாக ஒருவழிப் போக்குவரத்தும் வைப்பார்கள். தேக்கடிக்குப் போகும் நாளை அதற்கேற்ப, விடியலில் புறப்படுமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

மேகமலை 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வனச் சோதனைச்சாவடியில் இரவில் வண்டிகளை விடுவதில்லை. சின்னமனூரிலிருந்து ஏறும் பாதையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் சங்க கால மலர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். தமிழாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆறாவது வளைவிலேயே மகளுக்கு வாந்தி வந்துவிட்டதால் மீதிப் பெயர்களை நான் மட்டும்தான் படித்தேன். மேலே ஹைவேவிஸ் ஏரி, சுற்றிலும் தேயிலை. கண்ணகி கோட்டத்தைக் காணவேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு: மங்கலதேவி மலைக்குச் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே செல்ல விடுகிறார்கள். டிசம்பரில் மலையைக் கீழிருந்து காட்டலாம், கதையைச் சொல்லலாம்.

தேக்கடிப் படகில் உயிர்காப்பு அங்கியை அணியாமல் ஏறாதீர்கள். பிள்ளைகள் முரண்டு பிடித்தாலும் விடாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று அந்த ஏரியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நம்மைப்போல் விடுமுறைக்கு வந்தவர்கள்.

பி.கு.: பந்தலுக்குள் நுழையுமுன் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து தெளித்த சில நாள்களுக்குப் பழத்தைத் தொடக்கூடாது; மற்ற நாள்களிலும் நன்றாகக் கழுவிய பின்பே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பறிப்பில் கலந்துகொண்டால் கூடைக்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். பன்னீர்த் திராட்சையின் தோல் மெல்லியது. இரண்டு நாளுக்குமேல் தாங்காது. அங்கேயே உண்டுவிட வேண்டியதுதான்.